எதைக் கொடுப்பது, எதை விட்டுவைப்பது: இணையவழி ஆய்வுப் பாடங்களின் வடிவமைப்பு

"மாசுபாடு பற்றி இணையத்தில் தேடி ப்ராஜெக்ட் செய்து வா." இப்படியொரு வேலை தரப்படாத பள்ளி இன்று அரிது. பிள்ளை வீட்டுக்குப் போகிறது. அப்பாவின் செல்போனில் கூகுள் திறக்கிறது. முதலில் வரும் பக்கம் ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. வண்ணப் படங்களோடு பிரிண்ட் ஆகி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு மறுநாள் ஆசிரியர் மேசைக்கு வந்துவிடுகிறது. அந்தத் தாள்களை மாணவர் படித்ததற்கோ, அவற்றைப் பற்றி யோசித்ததற்கோ அடையாளம் எதுவும் இருப்பதில்லை. இதில் பிள்ளையைக் குறை சொல்ல நியாயமில்லை. ஆசிரியர் கேட்டது தகவல். கைக்கு வந்து சேர்ந்ததும் தகவல்தான். குறை, கேட்ட விதத்தில் இருக்கிறது.

இணையத்தைப் பாடத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்ற கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் பலர் விடை தேடியிருக்கிறார்கள். சிலர் பாட அமைப்புகளை உருவாக்கினார்கள். சிலர் வழிகாட்டல் வேண்டுமா என்று விவாதித்தார்கள். சிலர் மாணவர்கள் இணையப் பக்கங்களை எப்படி நம்புகிறார்கள் என்று சோதித்தார்கள். தனித்தனியாக நடந்த இந்த முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் எல்லாமே ஒரே கேள்வியைச் சுற்றி வருவது தெரியும்: மாணவருக்கு எதைக் கையில் கொடுப்பது, எதை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைப்பது? இணையவழி ஆய்வுப் பாடத்தின் தரத்தைத் தீர்மானிப்பது கணினியின் வேகம் அல்ல. இந்தப் பங்கீடுதான் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கேள்வியிலிருந்து தொடங்கும் படிப்பு

ஆய்ந்தறிந்து கற்பது என்ற எண்ணம் இணையத்தைவிட மிகப் பழையது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி, நாம் சிந்திக்கும் விதம் பற்றி 1910இல் எழுதிய நூலில், சிந்தனை ஒரு குழப்பத்திலிருந்துதான் பிறக்கிறது என்று விளக்கினார். தடை எதுவும் இல்லாத இடத்தில் மனம் பழக்கத்தின்படி ஓடிவிடும். தடை வரும்போதுதான் நின்று யோசிக்கும். ஆகவே நல்ல பாடம் முதலில் ஓர் உண்மையான தடையை மாணவர் முன் வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு.

1960களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசஃப் ஷ்வாப் இதை அறிவியல் பாடத்துக்குக் கொண்டுவந்தார். பாடநூல்கள் அறிவியலை முடிந்துபோன உண்மைகளின் தொகுப்பாகக் காட்டுகின்றன என்பது அவருடைய வருத்தம். பாடம் முடிந்தபின் அதை உறுதிப்படுத்த ஆய்வகத்துக்குப் போவதை மாற்றி, ஆய்வகத்திலிருந்து பாடத்துக்கு வர வேண்டும் என்றார். அதற்காக அவர் வகுத்த படிநிலைகளை 1971இல் மார்ஷல் ஹெரான் விரிவுபடுத்தினார். பூஜ்ய நிலையில் கேள்வி, வழிமுறை, விடை மூன்றும் மாணவருக்கு முன்பே தெரியும். முதல் நிலையில் கேள்வியும் வழிமுறையும் தரப்படும், விடை தரப்படாது. இரண்டாம் நிலையில் கேள்வி மட்டுமே தரப்படும். மூன்றாம் நிலையில் கேள்வியையும் மாணவரே எழுப்புவார்.

இந்த எளிய அளவுகோல் இன்றும் மிகவும் பயன்படுகிறது. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடுகளும் "இணையச் செயல்பாடு" என்ற பகுதிகளும் உண்டு. உரலியைத் திறந்து, படி 1, படி 2, படி 3 என்று சொன்னபடி சொடுக்கிக்கொண்டே போனால் திரையில் ஒரு வடிவமோ வரைபடமோ தோன்றும். கணினியையே தொடாத பிள்ளைக்கு இது நல்ல அறிமுகம். அந்த அளவில் பாராட்டத்தக்கது. ஆனால் ஹெரானின் அளவுகோலில் இவற்றுள் பல பூஜ்யத்திலோ ஒன்றிலோதான் நிற்கும். அதே செயல்பாட்டில், திரையைத் திறப்பதற்கு முன் "என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், ஏன்?" என்று ஒரு வரி எழுதச் சொன்னால் போதும். மாணவர் தம் கணிப்பைப் பணயம் வைத்துவிடுகிறார். பிறகு திரையில் தெரிவது அவருக்கு வெறும் படமாக இருக்காது, தம் கணிப்புக்கு வந்த தீர்ப்பாக இருக்கும். செலவு எதுவும் இல்லாத மாற்றம் இது.

வெப்குவெஸ்ட் தந்த சட்டகம்

இணையவழி ஆய்வுப் பாடத்துக்கு முதன்முதலில் தெளிவான வடிவம் தந்தவர் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெர்னி டாட்ஜ். 1995இல் டாம் மார்ச் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முறைக்கு வெப்குவெஸ்ட் என்று பெயர். அப்போது கூகுளே பிறந்திருக்கவில்லை. வலைத்தளங்கள் குறைவு, இணைப்பு மெதுவானது, வகுப்பு நேரமோ மிகச் சிறியது. அந்த நேரத்தைத் தேடுவதில் கரைக்காமல், கிடைத்த தகவலைப் பயன்படுத்துவதில் செலவிட வேண்டும் என்பதே டாட்ஜின் அடிப்படைக் கொள்கை. அதனால் பார்க்க வேண்டிய பக்கங்களை ஆசிரியரே தேர்ந்து தந்துவிடுவார்.

வெப்குவெஸ்டில் ஆறு உறுப்புகள் உண்டு. அறிமுகம் சூழலைச் சொல்லி ஆவலைத் தூண்டும். பணி, இறுதியில் மாணவர் என்ன செய்து காட்ட வேண்டும் என்று சொல்லும். செயல்முறை, யார் எந்தப் பொறுப்பை ஏற்று எந்த வரிசையில் போவது என்று விளக்கும். மூலங்கள், பார்க்க வேண்டிய பக்கங்களைத் தரும். மதிப்பீடு, வேலை எப்படி அளக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவிக்கும். முடிவுரை, கற்றதைத் திரும்பிப் பார்க்கவும் அடுத்த கேள்விக்குப் போகவும் உதவும். ஒன்று முதல் மூன்று பாடவேளைகளில் முடியும் குறுகிய வகையும், ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை போகும் நெடிய வகையும் உண்டு.

இந்த ஆறில் உயிர்நாடி பணிதான். பிற்பாடு டாட்ஜ் பணிகளைப் பன்னிரண்டு வகைகளாகப் பிரித்தார். படித்ததைத் திரும்பச் சொல்வது, தொகுப்பது, மர்மத்தை அவிழ்ப்பது, செய்தியாளராக எழுதுவது, ஒன்றை வடிவமைப்பது, படைப்பை உருவாக்குவது, மாறுபட்ட தரப்புகளுக்கிடையே ஒத்த கருத்தை எட்டுவது, ஒருவரை இணங்க வைப்பது, தன்னை அறிவது, பகுத்தாய்வது, தீர்ப்புச் சொல்வது, அறிவியல் முறையில் சோதிப்பது என்பவை அவை. முதல் இரண்டும் நகலெடுத்தே முடித்துவிடக்கூடியவை. நம் பள்ளி ப்ராஜெக்ட்டுகளில் பெரும்பாலானவை அந்த இரண்டோடு நின்றுவிடுகின்றன. "சோழர் கால ஏரிகள் பற்றித் தகவல் திரட்டுக" என்பது தொகுப்பு. "உங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரக் கிடைக்கும் பணத்தில் மதகு, கரை, வரத்துக் கால்வாய் மூன்றில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? ஊராட்சித் தலைவருக்கு எழுதுக" என்பது தீர்ப்பும் இணங்க வைத்தலும் கலந்த பணி. இரண்டாவதற்கு உரிய விடை எந்த வலைப்பக்கத்திலும் ஆயத்தமாக இல்லை. அதை மாணவர் ஆக்கித்தான் தர வேண்டும்.

வெப்குவெஸ்ட் உலகம் முழுதும் பரவியபோது அதன் பெயரில் சாதாரணக் கேள்வித்தாள்களும் புழக்கத்துக்கு வந்தன. பத்துக் கேள்வி, பத்து இணைப்பு, பத்து விடை என்ற அளவில் அவை முடிந்துபோயின. டாம் மார்ச் 2003இல் எழுதிய கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டி, கிடைத்த தகவலை மாணவர் வேறொன்றாக உருமாற்றாத வரையில் அது உண்மையான வெப்குவெஸ்ட் ஆகாது என்று வற்புறுத்தினார். ஆறு தலைப்புகளையும் நிரப்பிவிட்டால் பாடம் ஆய்வுப் பாடமாகிவிடாது என்பதை இன்று இத்தகைய பாடம் எழுத முனையும் ஆசிரியர்களும் நினைவில் கொள்ள வேண்டும்.

தரவைத் தரும் வழி

வெப்குவெஸ்ட் மாணவருக்குப் படிக்கப் பக்கங்களைத் தந்தது. வேறு இரண்டு முயற்சிகள் தரவையே தந்தன.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மார்சியா லின் தலைமையிலான குழு உருவாக்கிய 'வைஸ்' என்ற இணையவழி அறிவியல் தளம் ஒன்று. மாணவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் கருத்தை முதலில் வெளியே கொண்டுவருவது, அதன் பக்கத்தில் புதிய கருத்தை வைப்பது, சான்றின் துணையால் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பது, கடைசியில் தன் புரிதலைத் தானே ஒழுங்குபடுத்துவது என்பது அதன் நடைமுறை. தவறான முன்கருத்தைத் துடைத்தெறிய அது முனைவதில்லை. அந்தக் கருத்தையே விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறது.

மற்றொன்று 1994இல் அறிவிக்கப்பட்டு 1995இல் தொடங்கிய 'குளோப்' திட்டம். பல நாட்டுப் பள்ளி மாணவர்கள் தங்கள் பகுதியின் வெப்பநிலை, மழை, மேகம், மண் ஆகியவற்றை வரையறுத்த முறைப்படி அளந்து பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கிறார்கள். இங்கே மாணவர் இணையத்திலிருந்து எடுப்பவர் மட்டுமல்ல, அதற்குக் கொடுப்பவரும் ஆகிறார். தான் அளந்த மழை அளவு இன்னொரு நாட்டு மாணவரின் கணக்கில் சேரும் என்று தெரிந்த பிள்ளை மழைமானியை அக்கறையோடு படிக்கும். பள்ளிக் கூரையில் ஒரு மழைமானியும் சுவரில் ஒரு பதிவேடும் இருந்தாலே இந்த மனநிலையை நம் பள்ளிகளில் வளர்த்துவிடலாம்.

வழிகாட்டல் எவ்வளவு?

ஆசிரியர் எவ்வளவு குறுக்கிட வேண்டும் என்பதுதான் இத்துறையில் மிகக் கடுமையாக நடந்த விவாதம். ஒரு முனையில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா நின்றார். 1999இல் டெல்லி கல்காஜியில் ஒரு சுவரில் துளையிட்டுக் கணினியைப் பதித்து, ஆசிரியர் இல்லாமலேயே பிள்ளைகள் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதைக் காட்டினார். இதன் தொடர்ச்சியாக நடந்த சோதனைகளில் ஒன்று தமிழருக்கு நெருக்கமானது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ள காளிகுப்பம் கிராமத்தில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடங்கள் கணினி வழியே தரப்பட்டன. மித்ராவும் ரிது டங்வாலும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆசிரியர் இல்லாமல் படித்த அந்தப் பிள்ளைகள் அருகிலிருந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நிகரான மதிப்பெண் பெற்றனர். அடுத்த கட்டத்தில், பாடம் தெரியாத, ஆனால் அன்போடு ஊக்கப்படுத்தும் ஒருவர் உடன் இருந்தார். அப்போது டெல்லித் தனியார் பள்ளி மாணவர்களின் அளவை எட்டினர்.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆசிரியருக்கு முக்கியமானது இரண்டாம் பாதி. "இது எப்படி வந்தது? இன்னொரு முறை காட்டு" என்று கேட்க ஓர் ஆள் இருந்ததும் கற்றல் உயர்ந்தது. கணினியால் கொடுக்க முடியாத ஒன்றை அந்த ஆள் கொடுத்தார்.

மறுமுனையில் பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை நிற்கிறது. மனிதரின் செயல்நினைவு மிகக் குறுகியது; புதிய துறையில் வழிகாட்டல் இன்றி விடப்பட்ட மாணவரின் நினைவாற்றல் தேடுவதிலேயே தீர்ந்துபோகிறது, கற்பதற்கு மிஞ்சுவதில்லை என்பது அவர்களின் வாதம். மறு ஆண்டே சிண்டி மெலோ-சில்வர், ரவித் கோலன் டங்கன், கிளார்க் சின் ஆகியோர் பதில் எழுதினர். நல்ல ஆய்வுப் பாடம் வழிகாட்டல் அற்றது அல்ல, வழிகாட்டல் நிறைந்தது. சுதந்திரமாகத் தோன்றும் அந்த வேலையைத் தாங்கி நிற்பது ஆசிரியர் முன்பே கட்டிய சாரம் என்பது அவர்களின் மறுமொழி. கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தைப் போல, தேவைப்படும்போது தாங்கி, சுவர் இறுகியதும் பிரிக்கப்பட வேண்டிய உதவி அது.

2016இல் அர்ட் லாசோண்டர், ரூத் ஹார்ம்சன் இருவரும் 72 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வழிகாட்டல் பெற்ற மாணவர்களே ஆய்வுச் செயல்பாட்டிலும் கற்றலின் பயனிலும் மேம்பட்டிருந்தனர். ஆகவே "வழிகாட்டுவதா, விட்டுவிடுவதா?" என்ற கேள்விக்கு இப்போது விடை தெளிவாகவே இருக்கிறது. ஆசிரியர் இன்று தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது எந்த இடத்தில், எந்த வடிவில் வழிகாட்டுவது என்பதைத்தான்.

இதற்கு நூலகத் துறையிலிருந்து ஒரு விடை வருகிறது. மாணவர்கள் தகவல் தேடும்போது அவர்கள் மனம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்த கரோல் குல்தாவ், வேலையின் நடுப்பகுதியில்தான் குழப்பமும் தயக்கமும் உச்சத்தை எட்டுகின்றன என்று கண்டார். தலைப்பைத் தேர்ந்ததும் உற்சாகம் இருக்கிறது. போகப் போகத் தகவல்கள் ஒன்றோடொன்று மோதி மனம் சோர்கிறது. தனக்கென்று ஒரு கோணம் பிடிபட்டபின் நம்பிக்கை திரும்புகிறது. நாம் வழக்கமாகத் தலைப்பைத் தரும்போது உடன் இருக்கிறோம், ஏட்டை வாங்கும்போது உடன் இருக்கிறோம். பிள்ளை தவிக்கும் நடுப்பகுதியில் இருப்பதில்லை. ஒரு மாத வேலை என்றால் இரண்டாம் வார முடிவில் ஒரு பாடவேளையை இதற்கென்றே ஒதுக்குவது நல்லது. விடை சொல்வதற்காக அல்ல, "இதுவரை உனக்கு எது புரியவில்லை?" என்று ஒவ்வொருவரையும் கேட்பதற்காக.

எந்தப் பக்கத்தை நம்புவது?

டாட்ஜ் மூலங்களை ஆசிரியரே தேர்ந்து தரச் சொன்னார். பள்ளிக்கு வெளியே மாணவருக்கு யாரும் அப்படித் தேர்ந்து தரப்போவதில்லை. வடமேற்குப் பசிபிக் காடுகளில் மரமேறும் எண்காலி (ஆக்டோபஸ்) வாழ்கிறது என்று சொல்லும் கற்பனைத் தளம் ஒன்று 1998 முதல் இணையத்தில் இருக்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லூவின் குழு அதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டியபோது, இணையத்தில் திறமையாகப் படிப்பவர்கள் என்று பெயர் பெற்றவர்களே அதை நம்பினார்கள். விரைவாகத் தேடத் தெரிவதும் சரிபார்க்கத் தெரிவதும் வேறுவேறு திறன்கள் என்பதற்கு இது தெளிவான சான்று.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் குழு 2016இல் வெளியிட்ட அறிக்கை 12 அமெரிக்க மாநிலங்களிலிருந்து திரட்டிய 7,804 மாணவர் விடைகளை அடிப்படையாகக் கொண்டது. செய்தித் தளத்தில் விளம்பரம் என்று குறிப்பிட்டே வெளியான கட்டுரையை நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் செய்தி என்றே எடுத்துக்கொண்டனர். அடுத்து வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்று அறிஞர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் ஆகியோர் வலைப்பக்கங்களைப் படிக்கும் விதத்தை ஒப்பிட்டனர். முதல் இரு தரப்பினரும் பக்கத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகப் படித்து, வடிவத்தையும் இலச்சினையையும் பார்த்து முடிவுக்கு வந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைத் திறந்த சில நொடிகளில் அதைவிட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, "இந்தத் தளத்தை நடத்துவது யார்? மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?" என்று தேடினார்கள். பக்கவாட்டு வாசிப்பு என்று அழைக்கப்படும் இந்த முறை கற்றுக்கொடுக்கக் கூடியதே. 499 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், ஆறே பாடவேளைகளில் இதைப் பயின்றவர்கள் பயிலாதவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

டாட்ஜும் வைன்பர்க்கும் முரண்படுவதுபோல் தோன்றினாலும், இருவர் சொல்வதையும் ஒரே பாடத்தில் இணைக்க முடியும். ஆறாம் வகுப்புக்கு ஆசிரியர் தேர்ந்த ஐந்து பக்கங்களைத் தரலாம். எட்டாம் வகுப்பில் அந்த ஐந்தில் நம்பத் தகாத ஒன்றைச் சேர்த்து, எது, ஏன் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். பத்தாம் வகுப்பில் மூன்றைத் தந்து, மற்ற இரண்டைத் தேடி, அவற்றை நம்பியதற்கான காரணத்தை எழுதச் சொல்லலாம். வகுப்பு உயர உயர ஆசிரியர் கொடுப்பது குறைந்துகொண்டே வர வேண்டும்.

ஒரு பாடம்: 2015 சென்னை வெள்ளம்

இதுவரை சொன்னவற்றை ஒன்பதாம் வகுப்புக்கான ஒரு பாடத்தில் பொருத்திப் பார்க்கலாம். கேள்வி இது: "2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்கு நேர்ந்த பேரிழப்புக்கு முதன்மைக் காரணம் எது? அதே அளவு மழை மீண்டும் பெய்தால் இழப்பைக் குறைக்க முதலில் எதைச் செய்ய வேண்டும்?" பெரியவர்களே இன்னும் வாதிடும் கேள்வி என்பதால்தான் இது ஆய்வுக்குத் தகுந்தது.

முதல் பாடவேளையில் பின்னணியை எல்லோரும் சேர்ந்து அறிகிறார்கள். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. பக்கங்களைப் புரட்டுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் முதல் கணிப்பை எழுதி மடித்து வைக்கிறார்கள்.

பிறகு வகுப்பு நான்கு குழுக்களாகப் பிரிகிறது. மழைக் குழு வானிலைத் துறையின் பதிவுகளைப் பார்க்கிறது. நவம்பரிலேயே நகரம் நனைந்து ஏரிகள் நிரம்பியிருந்தது அப்போது தெரியவரும். "எல்லாம் புவி வெப்பமாதலால்" என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இந்தப் பெருமழையை ஆராய்ந்த வானிலை அறிவியலாளர்கள் அதில் புவி வெப்பமாதலின் தெளிவான கைவண்ணத்தைக் காண முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நமக்குப் பிடித்த விடையையும் சான்று மறுக்கக்கூடும் என்பதைப் பிள்ளைகள் இங்கே நேரடியாக உணர்வார்கள்.

ஏரிக் குழு ஒரு கணக்குப் போடுகிறது. நொடிக்கு 29,000 கன அடி என்றால் ஒரு நாளில் எவ்வளவு? 86,400 நொடிகளால் பெருக்கினால் ஏறத்தாழ 2,506 மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதே வேகத்தில் ஒரு நாள் முழுதும் திறந்தால் ஏரியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று மேல் காலியாகிவிடும் என்று கணக்குச் சொல்கிறது. உடனே அடுத்த கேள்வி எழும்: அடையாற்றில் அன்று ஓடியது இந்த ஏரி நீர் மட்டும்தானா, வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரியும் சேர்ந்ததா? ஒரு விடை புதிய கேள்வியைப் பெற்றுத் தரும் இந்தக் கணத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

நிலக் குழு கூகுள் எர்த்தின் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வாரியாக நகர்த்திப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் அடையாற்றின் கரைகளையும் பார்க்கிறது. கட்டடங்கள் எந்த ஆண்டில் எங்கே முளைத்தன என்று குறித்துக்கொள்கிறது. ஆவணக் குழு இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை, மாநில அரசின் விளக்கம் ஆகியவற்றிலிருந்து ஆசிரியர் எடுத்துத் தமிழில் சுருக்கித் தந்த பகுதிகளைப் படிக்கிறது. தணிக்கை அறிக்கை நீர் நிர்வாகத்தையும் நிலப் பயன்பாட்டையும் கடுமையாகக் குறை கூறியது. அரசுத் தரப்பு வரலாறு காணாத மழையைக் காரணம் காட்டியது. யார், எந்தப் பொறுப்பில் இருந்து, எப்போது சொல்கிறார் என்பதையும் மாணவர் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் கட்டத்தில் குழுக்களைக் கலைத்து, நான்கிலிருந்தும் ஒவ்வொருவர் வரும்படி புதிய குழுக்கள் அமைக்கப்படும். ஒவ்வொருவரிடமும் மற்றவரிடம் இல்லாத சான்று இருப்பதால் யாரும் சும்மா இருக்க முடியாது. குழுவின் கூட்டு முடிவு இரண்டு பக்கக் கடிதமாக வரும். அதில் ஒரு வரி கட்டாயம்: "எந்தச் சான்று கிடைத்தால் எங்கள் முடிவை மாற்றிக்கொள்வோம்?" கடைசியாக, மடித்து வைத்த முதல் கணிப்பைப் பிரித்து, தம் கருத்து மாறியதா, எதனால் என்று ஒவ்வொருவரும் தனியாக எழுதுவார்கள்.

இந்தப் பாடத்தில் ஆசிரியர் நிறையவே கொடுத்திருக்கிறார்: கேள்வி, பின்னணி, மூலங்கள், பொறுப்புகள், வரிசை. விட்டுவைத்தது ஒன்றே ஒன்று, முடிவு. ஆசிரியரின் சொந்தக் கருத்து எதுவானாலும் பாடம் முடியும்வரை அது வெளிப்படக் கூடாது. அது தெரிந்த மறுகணம் வகுப்பின் சான்றுகளெல்லாம் அதை நோக்கி வளைந்துவிடும்.

மொழியும் கருவியும்

வடிவமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டு நடைமுறைத் தடைகளைத் தாண்டியாக வேண்டும். முதலாவது மொழி. நல்ல தரவுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் இருப்பதும் குறைவென்று சொல்வதற்கில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 முதல் தொண்டர்களால் வளர்க்கப்படும் மதுரைத் திட்டமும், இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் காக்கும் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகமும் மாணவர் கைக்கு எட்டுபவை. யாழ்ப்பாணத்துப் பழைய பத்திரிகையில் ஒரு நிகழ்ச்சி எப்படி எழுதப்பட்டது என்று மூலப் பக்கத்தையே திறந்து பார்க்கும் வாய்ப்பு இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இருக்கிறது. ஆங்கில மூலம் தேவைப்படும் இடத்தில் ஆசிரியர் தமிழில் சுருக்கித் தருவது மாணவரின் உழைப்பைப் பறிப்பதாகாது. மொழியோடு முட்டிமோதும் நேரத்தைச் சான்றோடு போராடுவதற்கு மாற்றிக் கொடுக்கிறது.

இரண்டாவது தடை கருவி. ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையுள்ளோரிடம் நடந்த அசர் (ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை) 2023 ஆய்வின்படி, ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அதைப் பயன்படுத்தவும் தெரியும். ஆனால் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினருக்குச் சொந்த போன் உண்டு, பெண்களில் 19.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே உண்டு. "வீட்டில் தேடிக்கொண்டு வா" என்று ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியம் அண்ணனுக்கு ஒரு வாய்ப்பாகவும் தங்கைக்கு ஒரு கெஞ்சலாகவும் முடிகிறது. ஆகவே இணையத் தேடலைப் பள்ளி நேரத்துக்குள், பள்ளியின் கணினியில் வைத்துக்கொள்வது நியாயம் சார்ந்த முடிவு. கணினி குறைவென்றால் குழுவுக்கு ஒன்று போதும். படிப்பவர், குறிப்பெடுப்பவர், சரிபார்ப்பவர் என்று பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்ளலாம். இணைப்பு நம்பத்தக்கதாக இல்லாவிட்டால் பக்கங்களை முன்கூட்டியே பதிவிறக்கியோ அச்சிட்டோ தரலாம். இன்று இருக்கும் இணைப்பு நாளை செயல்படாமல் போவது இணையத்தின் இயல்பு என்பதால், நல்ல இணைப்பு உள்ள பள்ளிக்கும் இந்தப் பழக்கம் தேவை.

எதை அளப்பது?

ஆய்வுப் பாடத்தை நடத்திவிட்டுப் பழைய முறையில் மதிப்பெண் போட்டால் எல்லாம் வீண். அட்டையின் அழகுக்கும் பக்க எண்ணிக்கைக்கும் மதிப்பெண் கிடைக்கும் என்று தெரிந்தால் பிள்ளைகள் அதையே செய்வார்கள். அளக்க வேண்டியவை நான்கு: மூலத்தை நம்பியதற்கான காரணம், சான்றுக்கும் முடிவுக்கும் உள்ள பொருத்தம், தனக்கு எதிரான சான்றை எதிர்கொண்ட நேர்மை, தன் கருத்து மாறிய விதத்தை விளக்கும் தெளிவு. இவற்றை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். தவறான முடிவுக்கு வந்திருந்தாலும் சான்றைச் சரியாகக் கையாண்ட மாணவர், சரியான முடிவை எங்கிருந்தோ நகலெடுத்தவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும். இதைச் செய்யத் துணியாத பள்ளியில் ஆய்வுப் பாடம் வேர்விடாது.

விடை எழுதும் இயந்திரம் வந்தபின்

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபின் நிலைமை இன்னொரு முறை மாறியிருக்கிறது. தேடுபொறி பக்கங்களைக் காட்டியது. செயற்கை நுண்ணறிவு கட்டுரையையே எழுதித் தருகிறது. தொகுப்பு வகை ப்ராஜெக்ட்டுகள் இத்தோடு பொருளற்றுப் போய்விட்டன. தடை விதிப்பதால் வீட்டில் நடப்பதை மாற்ற முடியாது. வடிவமைப்பால் மாற்ற முடியும்.

அதற்கு மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது, பிள்ளையே திரட்ட வேண்டிய தரவைப் பணியில் சேர்ப்பது: தெருக் கிணற்றின் நீர்மட்டம், பள்ளி மழைமானியின் அளவு, 2015 வெள்ளத்தைக் கண்ட தாத்தாவின் நேர்காணல். இவை எந்த இயந்திரத்திடமும் இல்லை. இரண்டாவது, இயந்திரம் எழுதிய விடையையே பாடப்பொருளாக வைப்பது. வெள்ளம் பற்றி அது தந்த பத்தியை அச்சிட்டுக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் சான்று உண்டா என்று மூலங்களோடு ஒப்பிடச் சொல்லலாம். திருத்தமான நடையில் தவறும் எழுதப்படலாம் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறிவார்கள். மூன்றாவது, எழுத்தோடு வாய்மொழியையும் சேர்ப்பது. தன் முடிவை மூன்று நிமிடம் பேசி, இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லும் மாணவரிடம் அந்தச் சிந்தனை அவருடையதுதானா என்பது தெரிந்துவிடும்.

இனி செய்ய வேண்டியது

முப்பதாண்டு அனுபவத்தைத் தொகுத்தால் சில முடிவுகள் உறுதியாக நிற்கின்றன. நகலெடுத்து முடிக்க முடியாத பணியே பாடத்தின் இதயம். தொடக்கத்தில் நிறையக் கொடுத்து, வகுப்பு உயர உயரக் குறைக்க வேண்டும். மூலத்தைச் சரிபார்ப்பது ஒவ்வொரு பாடத்திலும் தொடர்ந்து பயில வேண்டிய பழக்கம். எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டாத கருவியை நம்பி வீட்டுப்பாடம் தரக் கூடாது. எவ்வளவு கொடுத்தாலும் முடிவை மட்டும் கொடுக்கக் கூடாது.

இத்தகைய பாடம் ஒன்றை எழுத நிறைய நேரம் வேண்டும். பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடியில் உள்ள ஓர் ஆசிரியர் தனியாக ஆண்டுக்கு ஒன்று எழுதுவதே கடினம். குறுவள மையக் கூட்டங்களில் ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சேர்ந்து பருவத்துக்கு ஒரு பாடத்தை எழுதினால் சுமை பகிரப்படும். ஒரு பள்ளியில் நடத்திப் பார்த்துத் திருத்தியதை அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் நம் ஏரி, நம் கடற்கரை, நம் கல்வெட்டு, நம் சந்தை பற்றிய தமிழ்வழி ஆய்வுப் பாடங்கள் ஒரு சிறு நூலகமாகச் சேர்ந்துவிடும். கல்வித் துறை அதற்குத் தர வேண்டியது புதிய கருவிகளைக் காட்டிலும் நேரம்: வாரத்தில் இரண்டு பாடவேளை, அவற்றை மதிப்பெண் பட்டியலில் ஏற்கும் ஓர் ஆணை, நடத்திப் பார்க்கும் ஆசிரியருக்கு நம்பிக்கை. அவ்வளவு கிடைத்தால் போதும். மீதியைச் செய்யக்கூடிய ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள்.